நார் மாஃபி என்றால் நெருப்பில்லை என்றுதானே அர்த்தம்?

டைல்ஸ் ஒட்டுகிறவனின் முகத்தை எந்த வீட்டுக்காரரும் சரியாகப் பார்த்திருக்க மாட்டார், முதுகைத்தான் பார்த்திருப்பார். காலையில் சுவரைப் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவோம். பதினான்கு வருஷமாக நான் எமிரேட்ஸில் இப்படி முதுகு காட்டிப் பிழைக்கிறவன். பெயர் செல்வராசு, ஊர் அரியலூர் பக்கம். கடைசி இரண்டு வருஷமாக எனக்கு வாய்த்திருப்பது ஒரு தனி ரக வேலை. பெரிய வில்லாக்களின் ஹாலில், குளிர்காய்வதற்கென்று சுவரோடு சேர்த்து ஓர் அடுப்பு கட்டியிருப்பார்கள். அதைச் சுற்றியிருக்கிற பழைய டைலைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். பெயர்க்க முடியாவிட்டால் அதன் மேலேயே மூட வேண்டும்.

ஆமாம், இங்கேதான். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி கொளுத்தும். உள்ளே நான் குளிர்காயும் அடுப்புக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு வேலைக்கென்று கல்ஃபுக்கு வந்து, வேறு ஏதோ ஒரு வேலையில் மாட்டி, கடைசியில் அதிலேயே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கித் தொலைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள்.

நிழல் ட்யூட்டி

அதற்கு முன் எனக்கு இன்டர்லாக் வேலை. முற்றத்திலும் நடைபாதையிலும் சிமென்ட் கல் பதிப்பது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், ராஸ் அல் கைமாவில் ஒரு வீட்டு வாசலில் கல் பதித்துக்கொண்டிருந்தவன், கல்லோடு கல்லாக நானும் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். மலையாளி டாக்டர் ஒருவர், சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, ஒரு தடவை வெயிலில் விழுந்த உடம்பு மறு தடவை விழுவதற்கு யோசிக்காது, இனிமேல் வெயில் வேலை கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் மகள் கவிதா அந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். நாலு வருஷப் படிப்பு. நான் ஊர் திரும்பினால் அவளும் காலேஜிலிருந்து வீடு திரும்ப வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு அது ஒன்றுதான் ஓடியது.

எங்கள் முதலாளி செய்யது பாய், கீழக்கரைக்காரர். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கூடவே ஒட்டிக் கொடுப்பதற்கு எங்களைப் போல் பதினைந்து பேர். நல்ல மனுஷர்தான், ஆனால் தாட்சண்யத்துக்கு ஆளை வைத்துக்கொள்கிறவர் இல்லை. வீட்டுக்குள் செய்கிற வேலைக்கு அவரிடம் இருந்ததே இரண்டு இடம். ஒன்றில் பாகிஸ்தானின் ஸ்வாத் மலையிலிருந்து வந்த பட்டாணி குல் ஜமான் இருந்தார். மற்றதில் இருந்தவர் ஒரு வீட்டில் குளியலறையைக் கோணலாக ஒட்டிவிட்டு, அப்போதுதான் வெளி வேலைக்குப் போயிருந்தார். அந்த இடத்தை எனக்குக் கொடுத்தபோது செய்யது பாய் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உள்ள கம்ப்ளெயின்ட் வந்தா அந்த ஆள வெளிய அனுப்புறது என் வழக்கம், செல்வராசு. ஒனக்கு வெளியன்னு ஒரு எடமே இல்ல. அத மட்டும் நெனப்புல வச்சுக்க."

புகை போகாத புகைக்கூண்டு

முதல் அடுப்பு துபாயில் ஒரு வெள்ளைக்கார மேடம் வீட்டில். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஹால் சுவரில் பெரிய மாடம், அதைச் சுற்றித் தேன் நிறத்தில் பூப்போட்ட டைல், இருபது வருஷப் பழசு. ரொட்டி சுடுகிற தந்தூர் அடுப்பா என்று குல் பாயிடம் காதோடு கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் ஊரில் ஆறு மாதம் பனி கொட்டும், வீட்டுக்கு வீடு இப்படித்தான் நெருப்புப் போட்டு உட்காருவோம் என்றார். பிறகு தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தார். ஒரு முழ உயரத்தில் ஜிப்சம் போர்டு வைத்து அடைத்திருந்தது. புகைக்கூண்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. விறகுக்கட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அதற்குள் சிவப்பு பல்பு, அதுவும் ஃபியூஸ் போனது.

மூன்று நாளில் பழசைப் பெயர்த்துச் சாம்பல் நிற மார்பிள் ஒட்டினோம். மேடம் புதிதாக ஒரு மின்சார நெருப்பு வாங்கி வைத்திருந்தார். சூடு வராது, நாக்கு நாக்காக வெளிச்சம் மட்டும் ஆடும். அதைப் போட்டுவிட்டு, குளிர்காய்கிற மாதிரி இருக்க வேண்டுமே என்று ஏசியை இன்னும் இரண்டு புள்ளி குறைத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். குல் பாய் வேனில் ஏறுகிறவரை பொறுத்திருந்தார். ஏறிய பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "யஹாங் ஆக் பீ ஸ்விட்ச், டண்ட் பீ ஸ்விட்ச். இந்த ஊர்ல தீயும் ஸ்விட்ச்சு, குளிரும் ஸ்விட்ச்சு."

வாத்துக்கு நடுவில் முருகன்

ஷார்ஜாவில் ஒரு தமிழ்க் குடும்பம். திருநெல்வேலிக்காரர்கள், அந்த அம்மாள் வங்கியில் வேலை பார்க்கிறவர். வாடகை வில்லா. ஹாலில் இருந்த அடுப்பு மாடத்தைச் சும்மா விடுவானேன் என்று முருகன் படத்தை உள்ளே வைத்து, பர் துபாயிலிருந்து மணியும் விளக்கும் வாங்கி வந்து, சாமி அறையாக்கிவிட்டார்கள். எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. சுற்றியிருந்த டைலில்தான் வில்லங்கம். யாரோ பழைய வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒட்டியது போலிருக்கிறது. ஒவ்வொரு டைலிலும் ஒரு வேட்டை நாய், அதன் வாயில் ஒரு செத்த வாத்து. முருகனைச் சுற்றி இருபத்திரண்டு வாத்து.

வாடகை வீடு என்பதால் பெயர்க்கக் கூடாது. மேலே ஒட்டுகிற மெல்லிய ஷீட்டால் மூடலாம், காலி செய்யும்போது உரித்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அம்மாளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அடுப்பு என்றால் அக்கினி மூலையில் அல்லவா இருக்க வேண்டும், இது எந்த மூலை என்று கேட்டார். போனில் திசை பார்த்தேன், வாயு மூலை. எரியாத அடுப்புக்கு மூலை தோஷம் கிடையாது என்று நானாக ஒரு சாஸ்திரம் சொன்னேன், அவர் முகம் தெளிந்தது. வாத்தெல்லாம் மறைந்து வெள்ளைவெளேரென்று ஆன பிறகு அவருடைய ஆறு வயதுப் பெண் வந்து குனிந்து மாடத்தையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் எல்லாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது: "பட் அம்மா, ஸாண்டா இந்த வழியாத்தானே வருவாரு? முருகர் மேல விழுந்துட்டா?"

தூங்குகிற டைல்

ஓமானில் சோஹாரில் செய்யது பாயின் மச்சான் கடை வைத்திருக்கிறார். அங்கே ஆள் இல்லையென்று பத்து நாள் என்னை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓமானி. அவர் வீட்டு அடுப்பும் வெறும் ஷோதான். உள்ளே அத்தர் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார். நான் ஒட்டி முடித்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு டைலாகத் தட்ட ஆரம்பித்தார். நம் தொழிலில் இது தெரிந்த சங்கதி. பின்னால் பசை நிறைந்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். எங்காவது காலியாக இருந்தால் டொக்கென்று பொள்ளல் சத்தம் வரும். மேஸ்திரிகள் காசால் தட்டிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரே தட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முப்பத்தாறு டைலில் இரண்டு பொள்ளல். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மறுபேச்சில்லாமல் இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். அவர் கோபிக்கவே இல்லை. ஒரு டம்ளர் கஹ்வா, அதாவது அரபிக் காபி, கொடுத்து, தூங்குகிற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி அந்த இரண்டு இடத்தையும் தடியால் காட்டினார்: "எல்லாம் முழிச்சிருக்கு. இது ரெண்டு மட்டும் நாயிம், தூங்கிடுச்சு. நீ ஒட்டறப்போ உனக்கும் தூக்கம் வந்திருக்கும்."

நார் மாஃபி

இப்படி ஒன்று இரண்டென்று பத்து அடுப்பு ஆயிற்று. ஒன்றில்கூட நெருப்பில்லை. ஒன்றில் செருப்பு இருந்தது, ஒன்றில் வைஃபை பெட்டி இருந்தது, ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. ஆகவே இந்த நாட்டில் அடுப்பு எரியாது என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பத்து கண்டவன் பதினொன்றைக் காணாமலே சொல்வான் அல்லவா, அந்தத் திமிர்.

பதினோராவது வீடு ராஸ் அல் கைமாவின் மலைப் பாதையில், நல்ல உயரத்தில் இருந்தது. வீட்டுக்காரம்மா இந்த ஊர் அரபி, ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. டீச்சரை இங்கே அப்லா என்பார்கள். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊருக்குள் இருப்பவர், லீவு நாளில் மட்டும் மலை வீட்டுக்கு வருவார். அடுப்பைச் சுற்றியிருந்த பழைய பழுப்பு டைலை மாற்ற வேண்டும், குளிர்காலத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று கடைக்குப் போன் பண்ணியிருந்தார். குளிர்காலத்துக்கு முன்னால் என்ற வார்த்தையில் எனக்கு ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நெருப்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் குல் பாய்; அவர் லீவில் ஸ்வாத் போயிருந்தார். மாடத்துக்குள் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. தலையை விட்டு மேலே பார்க்கவில்லை. எல்லாம் ஜிப்சம் போர்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டேன். அந்த வீட்டு நாத்தூரிடம், அதாவது காவல்காரரிடம் கேட்டேன். பெயர் ஷஃபீக், பங்களாதேஷ்காரர். எனக்குத் தெரிந்த அரபி பத்து வார்த்தை, அவருக்கு என்னைவிட நாலு கூட. நம்மூரில் நார் என்றால் பூக்கட்டுவது. அரபியில் நார் என்றால் நெருப்பு. இருக்கிறது என்பதற்கு ஃபீ, இல்லை என்பதற்கு மாஃபி. அடுப்பைக் காட்டி, "நார் ஃபீ?" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நார் மாஃபி" என்றார். தீர்ந்தது சந்தேகம். பழைய டைல் உளிக்கே மசியாமல் கெட்டியாக இருந்தது. சரி, எரியாத அடுப்புதானே என்று சாதாரணப் பசையைத் தடவிப் பழசின் மேலேயே புது டைலை ஒட்டி, போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில் மலைமேல் நல்ல குளிர். அப்லா குடும்பத்தோடு வந்து, விறகு அடுக்கி நெருப்பு மூட்டியிருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் என் டைல் ஒவ்வொன்றாகப் படார் படார் என்று கழன்று விழுந்திருக்கிறது. ஒன்று அவர் தங்கை மகனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து, டீ ஃபிளாஸ்க்கை உடைத்திருக்கிறது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. மறுநாள் காலை செய்யது பாய் என்னை அங்கே அழைத்துப் போனார். உடைந்த துண்டுகளை ஒரு வாளியில் பொறுக்கி வைத்திருந்தார்கள். ஷஃபீக்கைத் தனியே கூப்பிட்டு, நார் மாஃபி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசராமல் அரைகுறை இந்தியில் சொன்னார்: "பாய், நீ கேட்டது அக்டோபர் மாசம். அக்டோபர்ல எவன் நெருப்பு மூட்டுவான்? அன்னிக்கு நார் மாஃபி, இன்னிக்கு நார் ஃபீ."

மார்க் போடாத டீச்சர்

திரும்பி வரும் வழியில் செய்யது பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இன்டர்லாக் என்றார். ஜனவரி வெயில் ஒன்றும் செய்யாது, எனக்கும் தெரியும். ஆனால் ஜனவரிக்குப் பின்னால் மே வரும், ஜூன் வரும். என் உடம்பு அதுவரைதான் தாங்கும், கவிதாவின் படிப்போ இன்னும் இரண்டரை வருஷம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை என் லீவு நாள், அன்றைக்குப் போய் அந்த அடுப்பைச் சரி செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். அந்தம்மா நம்மை வாசல் ஏற விட்டால் பார்க்கலாம் என்றார். ஷஃபீக்குக்குப் போன் பண்ணி, அவர் மூலமாக அப்லாவிடம் கேட்டேன். வரட்டும், ஆனால் நான் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

லீவு முடிந்து வந்திருந்த குல் பாய், கூப்பிடாமலே தன் உளியை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். வாரத்தில் அவருக்கும் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. வழியெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்தப் பிள்ளையின் காலில் விழுந்திருந்தால் என்ற நினைப்பு மீதி. மலை வீட்டில் அப்லா ஒரு நாற்காலியைப் போட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார், பரீட்சை ஹாலில் உட்காருகிற மாதிரி. எதனால் விழுந்தது என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். சாக்குச் சொல்ல வாய் வரவில்லை. மேலே பார்க்கவில்லை அப்லா, இந்த நாட்டில் யாரும் நெருப்பு மூட்ட மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். என் பெயரைக் கேட்டார். செல்வா என்றதும் முதல் தடவையாகச் சிரித்தார். ஸல்வா என்பது அரபியில் பெண் பெயராம். அவருடைய பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏழு ஸல்வா இருக்கிறார்களாம்.

அன்றைக்கு விழாமல் மிச்சமிருந்த என் டைலையும் அடியிலிருந்த பழசையும் பெயர்த்தோம். குல் பாய் தலையை உள்ளே விட்டு மேலே பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு சதுரத் துண்டு வானம் தெரிந்தது. ஒரு காகிதத்தைக் கொளுத்திக் காட்டினார். புகை நேராக மேலே ஏறியது. நெருப்புப் பட்டால் இரும்பும் கல்லும் விரியும், அதற்கு இடம் விட வேண்டும் என்று, மாடத்துக்குள் விறகு எரிவதற்குப் பதித்திருந்த இரும்புப் பெட்டியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னார். ரொட்டிக்கடை அடுப்புக்குப் போடுகிற, சூடு தாங்கும் பசையை வாங்கி வந்திருந்தோம். டைல் வேண்டாம், மலைக்கல் போடுங்கள் என்று அப்லா பக்கத்துக் குவாரியிலிருந்து அறுத்த கல் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் பசை நிறையத் தடவி, அழுத்தி, தட்டிப் பார்த்துத்தான் அடுத்ததை எடுத்தேன். சாயங்காலம் முடிந்தபோது நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வார் என்று கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அப்லா நாற்காலியை மடக்கினார்: "இப்போ மார்க் கிடையாது. ஒரு வாரம் காயட்டும். அடுத்த ஞாயிறு நெருப்பு மூட்டுவேன், நீ பக்கத்துல உட்காரணும்."

பக்கத்தில் உட்கார்ந்த கதை

அந்த ஒரு வாரம் இன்டர்லாக்கில் இருந்தேன். கல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மலைமேல் காய்கிற கல்லைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போன் பேசும்போது என் பெண்டாட்டி குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தூசி என்றேன். கவிதா போனை வாங்கி, தண்ணீர் எத்தனை லிட்டர் குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டாம் வருஷம்தான் படிக்கிறாள், அதற்குள் அதிகாரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். அப்லா பிள்ளைகளை எல்லாம் ஹாலின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார். குல் பாயே விறகு அடுக்கினார். முதலில் சுள்ளி, பிறகு மெல்லிசுக் கட்டை, பிறகு சமர் என்கிற இந்த ஊர் வேல மரத்தின் பெரிய கட்டை. நெருப்பு பிடித்தது. நான் கல்லுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். நெருப்பென்ற வார்த்தையைச் சரியாகக் கேட்காமல் விட்டவனுக்கு அடிவயிறு வேகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. போன தடவை விழுந்த இரண்டாவது மணி நேரம் நெருங்கியபோது நான் கல்லை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று டப்பென்று ஒரு சத்தம். நான் எழுந்தேவிட்டேன். கட்டை வெடித்த சத்தம். குல் பாய் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்று மணி நேரம் எரிந்தது. கல் அசையவில்லை. வெளியே மலைக் காற்று ஊளையிட்டது, உள்ளே முகத்தில் இதமாகச் சூடு பட்டது. பத்து அடுப்புக்கு டைல் ஒட்டியவன் பதினோராவதில்தான், இது எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க் உடைந்தபோது காலை இழுத்துக்கொண்டவனாம், அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லவும் வழியில்லை, புகையெல்லாம் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. அப்லா எழுந்து வந்து புறங்கையால் கல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஷஃபீக்கைப் பார்த்து, என் பக்கம் கையைக் காட்டினார்: "அடுத்த தடவை யாராவது கேட்டா, நார் ஃபீன்னு சொல்லு. ஸல்வா போட்ட நார்."

கையில் இருந்த கல்

அவர் மார்க் போட்டது சந்தோஷம்தான். ஆனால் எனக்கு வேலை கொடுப்பவர் அவர் இல்லையே. திங்கட்கிழமை காலை நான் வழக்கம் போல வெளியே, ஒரு புது வீட்டு முற்றத்தில் முட்டி போட்டிருந்தேன். பத்து மணி இருக்கும், செய்யது பாயின் வேன் வந்து நின்றது. இறங்கி வந்தவர் போனில் வந்திருந்த ஒரு குரல் செய்தியைப் போட்டார். அப்லாவின் அரபி. வேகமாகப் பேசினார், எனக்கு ஸல்வா என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. யாரோ ஒரு பொம்பளையைக் கேட்கிறார் என்று முதலில் தானும் குழம்பிப்போனதாகச் செய்யது பாய் சொன்னார். பிறகு முழுக்க விளக்கினார். ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னால் இதே ஆள் வந்து அந்த அடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். அவருடைய தங்கைகள் இரண்டு பேர் வீட்டிலும் உண்மையான அடுப்பு இருக்கிறதாம், அவற்றுக்கும் கல் மாற்ற வேண்டுமாம். மேலே பார்க்காமல் வேலையை ஆரம்பிக்க மாட்டான், அவனுக்கு அது இப்போது தெரியும், வேறு யாரையும் அனுப்பாதே என்றாராம்.

நான் ஒரு கல்லைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். செய்யது பாய் அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே உயராத குரலில் சொன்னார்: "வருசா வருசம் நீதான் வரணுமாம். ஒன்ன வெயில்ல விட்டுட்டு நான் அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்ல? கல்லக் கீழ வச்சுட்டு வண்டியில ஏறு."

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது ஜூலை; வெளியே தலைகாட்ட முடியவில்லை. நான் அப்லாவின் பெரிய தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து, தலையை அடுப்புக்குள் விட்டு வானம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தேன். கவிதா இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட போட்டோ ஒன்றை அனுப்பியிருக்கிறாள்.

வெயிலில் சுருண்டு விழுந்தவனை நெருப்பு தூக்கி நிறுத்தியது என்று ஊரில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் ஒரு நர்ஸ் உருவாகிக்கொண்டிருப்பது அந்த நெருப்பின் தயவில்தான்.